வீட்டு மாடியிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பலாமா?

ஆளுக்கொரு பலூன். அதற்குள் ஹைட்ரஜன். கீழே தொங்கும் இருக்கையில் நீங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டாரும் விசிறியும். மாடியில் கட்டை அவிழ்த்துவிட்டால், சிக்னலும் சுங்கச்சாவடியும் இல்லாத வழியில் வேலைக்குப் போய்ச் சேரலாம். செலவும் பெரிதாக இருக்காது. மேலே தூக்குவதை வாயு பார்த்துக்கொள்ளும். முன்னே தள்ளுகிற வேலை மட்டும்தான் மோட்டாருக்கு.

நூறு வருடங்களுக்கு மேலாகப் பலரும் கண்டுவரும் கனவு இது. எடை குறைந்த துணியும் பேட்டரியும் சின்ன மோட்டார்களும் எளிதாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் மறுபடியும் பேசப்படுகிறது. நடக்குமா? நடக்கும், ஒருவர் நடத்தியும் காட்டியிருக்கிறார். நமக்கு உதவுமா என்பது வேறு கேள்வி.

“பற்றி எரிந்துவிடாதா?” என்றுதான் முதலில் கேட்பீர்கள். நியாயமான பயம், அதற்கு வருகிறேன். ஆனால் இந்த வாகனம் தீயை எட்டுவதற்கு முன்பே வேறு இடங்களில் தடுக்கி விழுகிறது. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

பலூன் ஏன் மேலே போகிறது? காலிக் குடத்தைக் கவிழ்த்துக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். குடம் பிடித்துக்கொண்ட இடத்தில் இருந்திருக்க வேண்டிய தண்ணீர் குடத்தைவிடக் கனமானது என்பதுதான் காரணம். காற்றிலும் இதே கணக்குத்தான். நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் (நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள பெட்டியின் கொள்ளளவு) காற்று ஏறத்தாழ 1.16 கிலோ எடை இருக்கும். அதே அளவு ஹைட்ரஜன் 80 கிராம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.08 கிலோ. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் அவ்வளவுதான் தூக்கும்.

இந்த எண்ணை எந்தக் கண்டுபிடிப்பாலும் பெரிதாக்க முடியாது. பலூனுக்குள் வாயுவே இல்லாமல் வெற்றிடம் வைத்தாலும் 1.16 கிலோவைத் தாண்டாது. துணி மாறும், மோட்டார் மாறும், காற்றின் எடை மாறாது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் தூக்கும் சக்தி குறையவே செய்யும்.

சரி, ஒருவரைத் தூக்க எவ்வளவு பெரிய பலூன் வேண்டும்? நீங்கள் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருக்கை, சட்டம், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து 60 கிலோ. பலூன் துணி, வால், சுக்கான், கயிறுகள் இன்னொரு 60 கிலோ. கையிருப்பாக 20 கிலோ. மொத்தம் 215. ஆக 200 கன மீட்டர் வாயு வேண்டும்.

உருண்டையாகச் செய்தால் குறுக்களவு 7 மீட்டருக்கு மேல் போகும். காற்றில் எளிதாக நுழைந்து போவதற்காக நீள வடிவில் செய்தால் 18 மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் தடிமனும் வரும். நகரப் பேருந்து ஒன்றின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். ஒரே ஒரு ஆள் போவதற்கு ஒன்றரைப் பேருந்து நீளம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றச் சிக்கல்கள் எல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

இப்படி ஒன்றில் யாராவது ஊர் சுற்றியிருக்கிறார்களா? பிரேசிலைச் சேர்ந்த அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன் சுற்றியிருக்கிறார். காப்பித் தோட்டக் குடும்பத்துப் பணக்காரர், பாரீஸில் குடியிருந்தவர். 1901-ல் தன் ஆறாவது ஆகாயக் கப்பலில் (மோட்டாரும் சுக்கானும் வைத்து விரும்பிய பக்கம் ஓட்டக்கூடிய பலூன்) ஈபெல் கோபுரத்தைச் சுற்றிவந்து பெரும் பரிசு வென்றார். பரிசுப் பணத்தைத் தன் பணியாளர்களுக்கும் பாரீஸ் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார். ஆனால் நமக்கு வேண்டியது 1903-ல் அவர் செய்த ஒன்பதாவது கப்பல். பந்தயத்துக்காக அல்ல, சும்மா உலாவுவதற்கென்றே செய்தது.

முட்டை வடிவம், 261 கன மீட்டர் ஹைட்ரஜன், 3 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம். கயிறு ஒன்றைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, வீதிகளுக்கு மேலே தாழ்வாகப் பறந்து, ஷான்செலிசே சாலையிலிருந்த தன் வீட்டு வாசலில் இறங்கி, மாடிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறிப் போனார். அதே ஆண்டு ஜூனில் ஐதா தெ அகோஸ்தா என்ற இளம்பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துத் தனியாக ஓட்டவும் விட்டார். அவர் மேலே ஓட்ட, இவர் கீழே சைக்கிளில் துரத்திக்கொண்டே சைகை காட்டினாராம். மோட்டார் வைத்த ஆகாய வாகனத்தைத் தனியாக ஓட்டிய முதல் பெண் அவர்தான் என்பார்கள்.

அப்படியானால் 120 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த காரியம் இன்று ஏன் தெருவுக்குத் தெரு இல்லை? துமோனிடம் என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள். பாரீஸுக்கு வெளியே நெய்யியில் கப்பல்களை ஊதிய நிலையிலேயே நிறுத்திவைக்கப் பெரிய கொட்டகை, ஹைட்ரஜன் தயாரிக்கும் ஏற்பாடு, கயிறு பிடிக்க ஆட்கள். ஆள் வேறு 50 கிலோவை ஒட்டிய மெலிந்த உடல்வாகு. காற்று அடங்கிய வேளை பார்த்துக் கிளம்பும் வசதியும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

காற்று ஏன் அவ்வளவு முக்கியம்? மேலே சொன்ன 18 மீட்டர் பலூனை, காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் தள்ள ஏறத்தாழ 400 வாட் போதும். மிக்ஸிக்கு ஆவதைவிடக் குறைவு. இதைக் கேட்டதும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். மூன்று மடங்காக்கினால் 27 மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்று கிலோவாட்டுக்கு மேல். 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்து, பதினொரு கிலோவாட். இதற்கு ஒரு மணி நேரம் ஈடுகொடுக்கும் பேட்டரியே 70 கிலோ வரும். அதைத் தூக்க இன்னும் பெரிய பலூன், அதைத் தள்ள இன்னும் பெரிய மோட்டார். இந்தச் சுழலுக்கு முடிவில்லை.

எனவே ஒற்றை ஆள் பலூன் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அதுவே நல்ல வாகனம். எதிர்காற்று 25 கிலோமீட்டர் அடித்தால்? மிஞ்சுவது மணிக்கு 5 கிலோமீட்டர். கீழே நடந்து போகிறவரும் அதே நேரத்தில் போய்ச் சேருவார். காற்று 35 கிலோமீட்டர் அடித்தால் முகம் அலுவலகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போவீர்கள். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றே மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடுவது சாதாரணம். 2008-ல் ஸ்தெபான் ரூஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஹீலியம் நிரப்பிய, பெடல் மிதித்து ஓட்டும் ஆகாயக் கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கிளம்பினார். பலூன் நன்றாகத்தான் மிதந்தது. காற்று திசை மாறியதால் பயணத்தை இடையில் கைவிட வேண்டியதாயிற்று.

போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே நிறுத்துவது? மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் இந்தப் பலூனை 130 முதல் 250 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கும். அதனால்தான் ஆகாயக் கப்பல்களின் மூக்கை மட்டும் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, காற்று திரும்புகிற பக்கமெல்லாம் உடம்பைச் சுற்றவிடுவார்கள். 18 மீட்டர் உடம்பு தடையில்லாமல் ஒரு வட்டம் சுற்ற ஏறத்தாழ நாலரை கிரவுண்டு காலி இடம் வேண்டும். ஒரு வண்டிக்கு வீட்டில் நாலரை கிரவுண்டு, அலுவலகத்தில் நாலரை கிரவுண்டு. பக்கத்து இருக்கை நண்பருக்கும் ஒரு பலூன் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாயுவை உறிஞ்சித் தொட்டியில் அடைத்துவிட்டு, பலூனை மடித்து வைத்துக்கொண்டால் என்ன? நல்ல யோசனை, பலருக்கும் தோன்றுவது. 200 கன மீட்டர் ஹைட்ரஜனின் எடை 16 கிலோதான். ஆனால் அதை அமுக்கி வைக்கும் தொட்டி கனமானது. இன்றைய ஹைட்ரஜன் கார்களில் ஐந்தாறு கிலோ வாயு வைக்கும் தொட்டிகள், தாங்கும் வாயுவைப்போல 15 மடங்கு எடை கொண்டவை. அந்தக் கணக்கில் 16 கிலோவுக்கு 240 கிலோ தொட்டி. பலூனின் மொத்தத் தூக்குசக்தியே 216 கிலோ! தொட்டியைத் தரையிலேயே வைத்துவிடலாம்தான். அப்போது போகிற இடத்திலெல்லாம் ஒரு தொட்டியும் அமுக்கு இயந்திரமும் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடத்தைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. நீங்கள் இறங்கினால் என்ன ஆகும்? வண்டியின் எடையில் 75 கிலோ திடீரென்று குறையும். வண்டி உங்களை விட்டுவிட்டு வானத்துக்குப் போய்விடும். இறங்குவதற்கு முன் உங்கள் எடைக்குச் சமமான அடிபாரம் (எடையைச் சரிக்கட்ட ஏற்றும் தண்ணீர் அல்லது மணல்) ஏற்றியாக வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் கிட்டத்தட்ட நான்கு. ஏறும்போது அதை இறக்க வேண்டும். வழியில் கடையில் நிறுத்திக் காய்கறி வாங்கினால் அதற்கும் ஒரு சரிக்கட்டல்.

வெயில், மழை? வெயிலில் வாயு வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறி விரிந்தால் 7 கிலோ கூடுதலாகத் தூக்கும். மேகம் மறைத்தால் அந்த 7 கிலோ போய்விடும். மழையில் பலூனின் மேற்பகுதியில் படியும் மெல்லிய நீர்ப்படலமே பத்து கிலோ வரும். ஒரு பயணத்துக்குள் இரண்டும் நடக்கலாம். இடி மழையில் ஹைட்ரஜன் பலூனை வெளியே எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தீக்கு வருவோம். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை, கசிந்தால் தெரியாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை எவ்வளவு கலந்திருந்தாலும் பற்றும். பற்றவைக்கக் கொஞ்சமும் சிரமப்பட வேண்டாம். துணி உரசி வரும் நிலைமின் பொறியே போதும். சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு: திறந்தவெளியில் கசிந்தால் சட்டென்று மேலே போய்க் கலைந்துவிடும். ஆனால் கூரையுள்ள போர்டிகோவிலோ கொட்டகையிலோ கசிந்தால் கூரைக்கடியில் தேங்கி நிற்கும். ஆபத்து அங்கேதான்.

ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்கும்போது பற்றி, ஒரு நிமிடத்துக்குள் எரிந்து விழுந்தது. தரையில் நின்ற ஒருவரோடு சேர்த்து 36 பேர் இறந்தார்கள். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய கிராஃப் செப்பலின் கப்பல், அதே ஹைட்ரஜனோடு, 590 முறை பறந்து ஒரு பயணியைக்கூடப் பலிகொடுக்காமல் ஓய்வுபெற்றது. ஐரோப்பாவில் கார்டன் பென்னட் கோப்பைப் பலூன் பந்தயக்காரர்கள் இன்றும் ஹைட்ரஜனில்தான் பறக்கிறார்கள்.

அப்படியானால் பயப்பட வேண்டாமா? பயப்படத்தான் வேண்டும். பயிற்சி பெற்ற சிலர், திறந்த மைதானத்தில், ஒவ்வொரு விதியையும் கடைப்பிடித்துச் செய்வது ஒன்று. ஆயிரம் வீட்டு மாடிகளில் ஆயிரம் பலூன்கள், பக்கத்தில் கார்த்திகை விளக்கும் தீபாவளி ராக்கெட்டும் என்பது முற்றிலும் வேறு. அமெரிக்காவின் ஆகாயக் கப்பல் வடிவமைப்பு விதிகள், தூக்கும் வாயு எரியாததாக இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

ஹைட்ரஜன் பையைச் சுற்றி எரியாத வாயு நிரப்பிய இன்னொரு பை போர்த்தினால்? ஹிண்டன்பர்க்கின் தொடக்கத் திட்டத்திலேயே ஹீலியத்துக்குள் ஹைட்ரஜனை வைக்கும் எண்ணம் இருந்தது. பெரிய கப்பலுக்கு அது சரிப்படலாம். நம் சின்னப் பலூனுக்கு இரண்டாவது துணியே 40 கிலோ. இடையில் பத்து சென்டிமீட்டர் நைட்ரஜன் அடுக்கு வைத்தால் மேலும் 20 கிலோவுக்கு மேல் தூக்குசக்தி போகும். சின்ன வண்டியால் பாதுகாப்பின் எடையைச் சுமக்க முடியவில்லை.

பேசாமல் ஹீலியத்தையே அடைத்துவிட்டால் தீப்பயம் தீருமே? தீரும். ஹீலியம் எரியாது, ஹைட்ரஜனைவிட நூற்றுக்கு ஏழு பங்குதான் குறைவாகத் தூக்கும். ஆனால் தண்ணீரைப் பிரித்து எடுக்கிற பொருளல்ல அது. சில இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து மட்டும் கிடைப்பது, விலை அதிகம், மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளுக்கும் அதுவே தேவை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஹீலியம் கிடைக்கிற பணக்கார நாடுகளிலும் யாரும் ஆகாயக் கப்பலில் வேலைக்குப் போகவில்லை. தீ மட்டுமே தடையாக இருந்திருந்தால் போயிருப்பார்கள். தடை, அந்த ஒன்றரைப் பேருந்து நீளமும் காற்றும்தான்.

தூக்குகிற ஹைட்ரஜனையே எரிபொருளாகவும் பயன்படுத்தலாம் என்கிறார்களே? இந்தக் கற்பனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எரிபொருள் கலத்தில் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து, தீயில்லாமல் மின்சாரம் எடுக்கும் கருவி) ஒரு கிலோ ஹைட்ரஜன் போட்டால் 16 யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கலாம். தலைக்கு மேலே 16 கிலோ இருக்கிறது! ஆனால் ஒரு கிலோ எடுத்தால் பலூனில் 12 கன மீட்டர் குறையும். தூக்குசக்தியில் 13 கிலோ போகும். கூடவே பெட்ரோலும் எரித்தால் வண்டியின் எடையும் குறைந்துகொண்டே வரும். 13 கிலோ பெட்ரோலுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜன் என்று எரித்தால் இரண்டும் சரியாகிவிடும். கிராஃப் செப்பலின்காரர்கள் இந்தத் தலைவலியை வேறு வழியில் தீர்த்தார்கள்: காற்றின் எடையே உள்ள ஒரு வாயுவை எரிபொருளாக வைத்தார்கள்; எரிந்து தீர்ந்தாலும் கப்பலின் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நிரப்ப என்ன செலவாகும்? தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். 16 கிலோவுக்கு 800 யூனிட்டுக்கு மேல். ஒரு தடவையோடு முடிந்தால் பரவாயில்லை. ஆனால் ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு; நல்ல துணி வழியாகவும் மெல்ல வெளியேறும். நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே தினம் 2 கிலோ தூக்குசக்தி போகும். நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தினமும் தீனி போட வேண்டிய வண்டி இது.

முழுதாகத் தூக்க வேண்டாம், கொஞ்சம் குறைவாகத் தூக்கினால் போதும் என்றும் ஒரு யோசனை உண்டு. உங்கள் எடையைவிடச் சற்றே குறைவாகத் தூக்கும் பலூனைக் கட்டிக்கொண்டு தாவித் தாவிப் போவது. 1920-களில் பிரிட்டனில் இதை ஒரு விளையாட்டாகவே முயன்றார்கள். வேலி, மரம், கூரை எல்லாவற்றையும் ஒரே தாவலில் தாண்டலாம். அதில் ஈடுபட்ட ஒருவர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு இறந்தார். மின்கம்பி மற்றப் பலூன்களையும் விட்டுவைக்கவில்லை. 1982-ல் கலிபோர்னியாவில் லாரி ஓட்டுநர் ஒருவர் தோட்டத்து நாற்காலியில் 40-க்கும் மேற்பட்ட வானிலைப் பலூன்களைக் கட்டிக்கொண்டு 16,000 அடி உயரம் போய், இறங்கும்போது மின்கம்பியில் சிக்கினார். அவர் பிழைத்தார், அந்தப் பகுதிக்கு மின்சாரம் போயிற்று. 2023-ல் கார்டன் பென்னட் பந்தயத்தில் போலந்து அணியின் பலூன் டெக்சாஸில் மின்கம்பியில் மோதித் தீப்பிடித்தது. இருவரும் காயங்களோடு தப்பினார்கள். நம் தெருக்களில் தலைக்கு மேலே எத்தனை கம்பிகள் ஓடுகின்றன என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

ஆக, தினசரிப் போக்குவரத்தாக இது வராது என்பதே என் தீர்ப்பு. காற்றில்லாத விடியற்காலையில், பரந்த மைதானத்திலிருந்து, பொழுதுபோக்குக்காகப் பறக்கும் ஒற்றை ஆள் கப்பலாக வரலாம். அந்த ஆசை இருப்பவர்களுக்கு இன்றே ஒரு வழி உண்டு: கூடைக்குப் பதில் இருக்கை மட்டும் தொங்கும் ஒற்றை ஆள் வெப்பக்காற்றுப் பலூன்கள் வெளிநாடுகளில் உரிமத்தோடு பறக்கின்றன. ஆளில்லாத வேலைகளுக்கு ஹைட்ரஜன் பலூன் இப்போதே உழைத்துக்கொண்டிருக்கிறது. வானிலை ஆய்வு மையங்கள் அனுப்பும் பலூன்கள் பலவற்றிலும், ஹைதராபாதில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பறக்கவிடும் ஆய்வுப் பலூன்களிலும் அதுதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஹைட்ரஜன் பலூன் உங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே எதிர்ப்படும் இடம் திருவிழாக் கடைத்தெரு. மிதக்கும் பலூன்களில் ஹீலியத்துக்குப் பதிலாக மலிவான ஹைட்ரஜனை அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சேர்த்துப் பழைய சிலிண்டருக்குள்ளேயே அதைத் தயாரிக்கிறார்கள். அப்படிப்பட்ட சிலிண்டர் வெடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வருகின்றன. அந்தச் சிலிண்டரின் பக்கத்தில் குழந்தையை நிறுத்தாதீர்கள். என்ன வாயு என்று தெரியாத பலூன் கொத்தைக் காருக்குள் அடைத்துக்கொண்டு வராதீர்கள். பிறந்தநாள் மெழுகுவத்திக்கு அருகிலும் கட்டாதீர்கள். வீட்டில் ஹைட்ரஜன் தயாரித்துப் பார்க்கும் காணொளிகளைப் பிள்ளைகள் பார்த்தால், செய்து பார்க்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிடுங்கள்.